உரசுகிற பக்கம்

மனிதன் எதில் வேண்டுமானாலும் உண்மை பேசுவான், எடையில் மட்டும் பேசமாட்டான் என்பது தராசு கண்ட ஞானம். தராசு என்பது லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர். மெல்ல மெல்லப் பால்காரர், பக்கத்து வீட்டார் என்று பரவி, கோபம் வந்தால் மனைவியின் வாயிலும் புழங்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

லாரிகளை எடை போடும் மேடையில், கண்ணாடிக் கூண்டுக்குள், மைக்கும் கையுமாக உட்கார்ந்திருப்பது அவர் வேலை. காலி லாரியை எடை போடும்போது டிரைவர் தண்ணீர் டின்களை நிரப்பி, கிளீனரையும் ஏற்றிக்கொண்டு வருவார். சரக்கு ஏற்றித் திரும்பும்போது டின்கள் காலியாக இருக்கும், கிளீனர் டீக்கடையில் இருப்பார்; அத்தனை கிலோ சரக்கு கணக்கில் வராமல் போய்விடும். இன்னும் சில பேர் பின் சக்கரத்தை மேடைக்கு ஒரு சாண் வெளியே விட்டு நிறுத்திவிட்டு, வானத்தைப் பார்த்து விசிலடிப்பார்கள். "ஒரு கால் வெளியில இருக்கு, உள்ள வை" என்று தராசு மைக்கில் சொன்னால் தெருக்கோடி வரை கேட்கும். கோழித் திருடனைப் பிடித்த திருப்தி அவர் குரலில் இருக்கும்.

இந்தத் தொழில் அவர் கண்ணைக் கெடுத்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நிற்கிற ஆளைப் பார்த்தாலும் உதடு தானாக "எழுபத்தி நாலு" என்று முணுமுணுக்கும். சொன்னவர் சொன்ன எடையோடு பத்து கிலோ கூட்டிக்கொண்டால்தான் உண்மை எடை என்பது அவர் கணக்கு. அந்தப் பத்து கிலோவுக்கு அவர் வைத்த பெயர் பொய் வரி.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார்.

வாங்கவில்லை, கட்டிக்கொண்டிருந்தார். அடிச்சட்டம் அவரே வெல்டிங் வைத்தது. என்ஜின் ஒரு விபத்து வண்டியிலிருந்து வந்தது. முன்பக்க ஸ்பிரிங்கும் ஸ்டியரிங்கும் ஏதோ ஒரு சின்னக் காருடைய மிச்சம். உடம்பு முழுக்க அவர் சுத்தியலால் தட்டி வளைத்த தகடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருவே தூங்கும்போது டங் டங் என்று சத்தம் கேட்டால், தராசு கதவு செய்கிறார் என்று அர்த்தம். வருஷம் ஓடிக்கொண்டே இருந்தது. கார்தான் ஓடவில்லை.

அவர் மனைவி கூரியர் கம்பெனியில் பார்சல் பிரிவில் வேலை பார்க்கிறவர். டிரைவர் லீவு போட்டால் கம்பெனி வேனை அவரே எடுத்துக்கொண்டு போய் நாற்பது வீட்டுக்குப் பட்டுவாடா செய்துவிட்டு வருவார். ஆனால் ஷெட்டில் இருந்த காரின் ஸ்டியரிங்கை அவர் இதுவரை தொட்டதில்லை. தொடவிட்டதில்லை என்றால் இன்னும் சரி. அவருக்கும் அந்த ஷெட்டின் மேல் நெடுநாளாக ஒரு கண். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் வெட்டி, உள்ளே ஒரு கவுண்டர் போட்டால், சொந்தமாகப் பார்சல் புக்கிங் எடுக்கலாம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், கூடவே இருக்கும் தன் அம்மாவையும் தம்பியையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு விஷயத்தை உடைத்தார்.

"என்னங்க, அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை தங்கச்சி புது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கா."

"போலாமே."

"உங்க கார்ல போலாம். நாம நாலு பேரும். யாரும் தள்ளாம, கயிறு கட்டி இழுக்காம அந்த மேட்டு வீடு வரைக்கும் போயிட்டா, ஷெட்டு காலத்துக்கும் உங்களுது. நான் வாயே திறக்க மாட்டேன்."

"போகலேன்னா?"

"திங்கக்கிழமை காலையில பழைய இரும்புக்காரர் வருவார். நான் சொல்லி வெச்சுட்டேன்."

தராசு மாமியாரைப் பார்த்தார். மாமியார் தண்ணீர் குடித்தார். மச்சானைப் பார்த்தார். "எனக்கென்ன மாமா, நான் பஸ் பாஸ் வெச்சிருக்கேன்" என்றான் அவன்.

கார் ஓடுகிற நிலைக்கு வந்துதான் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி, சக்கரம். அதுவரை ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு ஓசிச் சக்கரங்களில் அது நொண்டிக்கொண்டு நின்றது. தராசு சக்கரக் கடைக்குப் போனார்.

"ஆஃப்செட் எவ்ளோ வேணும்?" என்றார் கடைக்காரர்.

சக்கரத்தின் அகலத்துக்கு நட்ட நடுவே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். சக்கரம் வண்டியோடு போல்ட் போட்டு இறுகுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். எண் பெரிதானால் சக்கரம் வண்டிக்குள்ளே ஒடுங்கும், சிறிதானால் வெளியே பிதுங்கும். கடைக்காரர் இதையே வேறு மாதிரி விளக்கினார்.

"வீட்டோட மாப்பிள்ளை மாதிரி சார். ரொம்ப உள்ள போனா மாமியார் மேல உரசும். ரொம்ப வெளிய வந்தா ஊர் மேல உரசும். நடுவுல ஒரு விரக்கடை இடம் இருக்கும், அதுலதான் காலத்த ஓட்டணும்."

"சரி, என் வண்டிக்கு எவ்ளோ?"

"கம்பெனி வண்டின்னா கம்பெனி சொல்லும். உங்க வண்டிக்குக் கம்பெனி யாரு?"

தராசு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப அங்கயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அளந்து பார்க்க ஒரு பழைய சக்கரத்தை இரவல் கொடுத்தார் கடைக்காரர். "ஒண்ணு சொல்லிடறேன். ஆள் உக்காந்தா வண்டி இறங்கும். ஆள ஏத்தி வெச்சு அளங்க. டயர் மாட்டி ஓட்டினப்புறம் 'மாத்திக் குடு'ன்னு வரக்கூடாது."

ஆளை ஏற்றி அளப்பது என்றால் மூன்று பேரை நாள் முழுக்க ஷெட்டுக்குள் உட்கார வைக்க வேண்டும். மச்சான் நெளிவான், மாமியார் பேசுவார், மனைவி சிரிப்பார். ஒரு நல்ல யோசனை வந்தது. ஆளுக்குப் பதில் மணல் மூட்டை. மூட்டை பேசாது. ஆனால் மூட்டை கட்ட எடை தெரியவேண்டுமே.

"அத்தை, எல்லாரும் ஒரு தடவை என் மேடைக்கு வந்து நின்னுட்டுப் போயிடுங்களேன்."

"நான் என்ன லாரியா மாப்பிள்ளை?" என்றார் மாமியார். "எழுபது. எழுதிக்குங்க."

மச்சான் எண்பது என்றான். மனைவி அறுபது என்றார். தராசு மனசுக்குள் சிரித்துக்கொண்டு, ஆளுக்குப் பத்து கிலோ பொய் வரி போட்டார். மாமியார் எண்பது, மச்சான் தொண்ணூறு, மனைவி எழுபது. தனக்கு வரி போடவேண்டிய அவசியம் அவருக்குத் தோன்றவில்லை. அவர்தான் பொய் சொல்லாத ஆளாயிற்றே. வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனி டாக்டர் அறுபத்திரண்டு என்று சொல்லியிருந்தார். அன்றையிலிருந்து இன்று வரை அதை மறுத்து யாரும் எதுவும் சொல்லவில்லை. பேன்ட்டுகள்தான் அவ்வப்போது எதையோ சொல்லப் பார்த்தன. துணி துவைத்தால் சுருங்குகிறது என்று அவர் அதற்கு விளக்கம் வைத்திருந்தார்.

மளிகைக்கடைத் தராசில் நிறுத்து நாலு மூட்டை கட்டினார். குழம்பாமல் இருக்க சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் எழுதினார். அத்தை. மச்சான். அவள். நான். ஓட்டுகிற இடத்தில் 'நான்', பக்கத்தில் 'அவள்', 'நான்' மூட்டைக்குப் பின்னால் 'அத்தை', அவருக்குப் பக்கத்தில் 'மச்சான்'. வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் நின்றது. ஸ்டியரிங்கை ஒரு கோடிக்குத் திருப்பி, உள்ளே ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்தார். வெளியே மட்கார்டு விளிம்புக்கும் டயருக்கும் நடுவே விட்டுப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மாமியார் டீ கொண்டுவந்தார். பின் சீட்டில் பார்வை போயிற்று.

"இது யாரு?"

"அது... நீங்கதான் அத்தை."

மாமியார் மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தார். இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. "எழுபதுன்னு சொன்னேன். இது பாத்தா அப்படித் தெரியலியே."

"மணல் ஈரம் அத்தை. பெருசாத் தெரியும்."

"அப்ப உங்க மூட்ட மட்டும் ஏன் காஞ்சு கெடக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். டீயை 'நான்' மூட்டைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கடையில் தராசு கம்பீரமாகச் சொன்னார். "முப்பத்தஞ்சு."

"நாப்பது எடுங்க சார். கொஞ்சம் உள்ளாறயே இருக்கட்டும்."

"அளந்து பாத்தாச்சு. முப்பத்தஞ்சுல மட்கார்டோட மட்டமா நிக்குது. பக்கத்துலேர்ந்து பாத்தா அப்படி ஒரு அழகு."

"பக்கத்துலேர்ந்து பாக்குறது யாரு?"

மைத்துனி வீட்டில் ஒரு சகலை இருந்தார். போன தடவை வந்தபோது ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "இது கார் இல்ல அண்ணே, நீங்க தண்ணி ஊத்தி வளக்குற செடி" என்று சொல்லிவிட்டுப் போனவர். அந்தச் சகலை கண்ணுக்காக அஞ்சு மில்லிமீட்டர் வெளியே வந்தது சக்கரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் முதல் தடவையாகக் குடும்பத்தோடு தெருவில் இறங்கியது. பக்கத்து வீட்டார் பால்கனியில் நின்று பார்த்தார்கள். நிஜமாகவே அழகாக இருந்தது. தராசு புதுச் சட்டை போட்டிருந்தார். மூட்டைகள் உட்கார்ந்த அதே வரிசையில் அவற்றின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்தார்கள்.

முதல் பள்ளத்தில் 'சர்ர்' என்றது.

"என்னங்க அது?"

"புது வண்டி. பழகணும்."

அடுத்த வளைவில் 'சர்ர்ர்' என்று இன்னும் கொஞ்சம் நீளமாகப் பழகியது. வேகத்தடையில் யாரோ கோணித்துணியை இழுத்துக் கிழித்த மாதிரிக் கேட்டது. ரப்பர் வாசனை வந்தது. தராசு ஓரமாக நிறுத்தி, இறங்கிக் குனிந்து பார்த்தார். அவர் உட்காரும் பக்கத்து முன் சக்கரம். டயரின் தோளை மட்கார்டு விளிம்பு பெருங்காயக் கட்டியைச் சீவுகிற மாதிரிச் சீவியிருந்தது. இப்படியே போனால் மேடு ஏறுவதற்குள் டயர் கிழிந்துவிடும். திங்கட்கிழமைக்குப் பழைய இரும்புக்காரர் தயாராக இருக்கிறார்.

மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தார். "போகுமா?"

தராசு மூளை வேகமாக ஓடியது. சத்தம் வருவது இந்தப் பக்கம். இந்தப் பக்கத்தில், தனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார்?

"அத்தை" என்றார் குரலைத் தேனாக்கி. "இங்கேர்ந்து பஸ் ஒண்ணு நேரா அங்க போகுது. ஜன்னலோர சீட்டு கிடைக்கும்..."

"எதுக்கு?"

"இல்ல, ஒரு பக்கம் கொஞ்சம்... கனமா..."

மச்சான் மெதுவாகத் தன் பக்கத்துக் கதவின் கைப்பிடியைத் தேடினான்.

"அப்ப நான் பொய் சொன்னேங்கறீங்க" என்றார் மாமியார்.

"சேச்சே. பொதுவாவே ஜனங்க..."

"வண்டிய எடுங்க. உங்க மேடை வழியிலதான இருக்கு? அங்க நிறுத்துங்க. இன்னைக்கு நான் லாரியாவே இருந்துட்டுப் போறேன்."

எடை மேடை அடுத்த திருப்பத்தில் இருந்தது. ஞாயிறு என்றாலும் வரிசையில் ஐந்தாறு லாரிகள். கூண்டுக்குள் தராசுவின் ஷிப்ட் தோழர். வீட்டில் கட்டிய கார் ஒன்று 'சர்ர் சர்ர்' என்று வந்து மேடையில் ஏறியதைப் பார்த்ததும் லாரி டிரைவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். யார் வண்டி என்று தெரிந்ததும் டீ கிளாஸோடு வசதியாக நின்றார்கள். வருஷக்கணக்காக மைக்கில் பேச்சு வாங்கியவர்கள். இந்த மாதிரி ஒரு காலை அவர்கள் வாழ்க்கையில் இன்னொன்று வருமா?

"மொத்தம் தொள்ளாயிரத்தி அம்பது" என்றது ஸ்பீக்கர்.

"மைக் வேணாம்ப்பா" என்று தராசு கையாட்டினார். தோழருக்குக் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்று சொல்பவர்களும் உண்டு.

மாமியார் இறங்கினார். ராணி பல்லக்கிலிருந்து இறங்குவது போல இறங்கி, மேடையை விட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

"எண்ணூத்தி எம்பது."

எழுபது. மாமியார் புடவைத் தலைப்பை ஒருதரம் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

மச்சான் இறங்கினான். "எண்ணூறு." எண்பது. சொன்னது சொன்னபடி.

மனைவி இறங்கினார். "எழுநூத்தி நாப்பது." அறுபது.

தராசுவுக்கு வியர்த்தது. மூன்று பேரும் உண்மை பேசுகிற குடும்பத்தில் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறார், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல்.

"சரி, நேரமாச்சு. எல்லாரும் ஏறுங்க, போலாம்."

"நீங்களும் இறங்குங்க" என்றார் மனைவி.

"நான் எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே. அறுபத்தி ரெண்டு."

லாரிக்காரர்கள் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

தராசு இறங்கினார். இறங்கினவர், கதவைப் பிடித்துக்கொண்டு, வெளியே தரையில் ஒரு காலும் மேடையில் ஒரு காலுமாக, ஏதோ யோசனையில் இருப்பவர் போல வானத்தைப் பார்த்தார். விசில் ஒன்றுதான் பாக்கி.

"சார்!" என்று கத்தினார் ஒரு டிரைவர். போன மாதம்தான் சக்கரத்தை வெளியே விட்டு மாட்டிக்கொண்டவர். "ஒரு கால் மேடையில இருக்கு. வெளிய வைங்க!"

சிரிப்பில் ஒருத்தருடைய டீ கொட்டிவிட்டது. தராசு இரண்டாவது காலையும் எடுத்தார்.

"அறுநூத்தி அம்பது" என்றது ஸ்பீக்கர். பிறகு, யாரும் கேட்காமலே, "தொண்ணூறு" என்றும் சேர்த்துக்கொண்டது.

விஷயம் இப்போது பச்சைப் பிள்ளைக்கும் புரியும். மூன்று பேருக்கும் வரி போட்டு, அவர்கள் பக்கமெல்லாம் ஸ்பிரிங்குக்கு அடியில் தாராளமாகத் தகடு கொடுத்திருந்தார். தன் பக்கத்துக்கு அறுபத்திரண்டு கிலோ இளைஞன் ஒருவனுக்கான ஏற்பாடுதான் இருந்தது. அந்த இளைஞன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் வேறொருவர்.

"நீங்க பஸ்ல வரீங்களா மாப்பிள்ளை?" என்று மாமியார் கனிவோடு கேட்டார். "ஜன்னலோர சீட்டு கிடைக்கும்."

மனைவி சிரிக்கவில்லை. சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். டயரைத் தடவினார். மட்கார்டு விளிம்புக்கும் டயருக்கும் நடுவே விரல் விட்டார். இப்போது விரல் தாராளமாகப் போயிற்று. நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"சாவி குடுங்க."

"எதுக்கு?"

"நான் உக்காந்தா உரசாது. நீங்க அந்தப் பக்கம் பின்னாடி, தம்பி எடத்துல உக்காருங்க. அவன் எண்பதுக்கு மேல உங்க பொய் வரியும் போட்டு, அங்கதான் தொண்ணூறு கிலோவுக்கு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கீங்க. தம்பி முன்னாடி வரட்டும், பத்து கிலோ கூடினா அந்தப் பக்கம் தாங்கும்."

"உனக்கு இந்த வண்டி பழக்கம் இல்ல. கிளட்ச் கொஞ்சம்..."

"பழகணும்" என்றார் மனைவி.

தராசு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மைத்துனி வீட்டு வாசலில் சகலைக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டு நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "என்ன தம்பி, செடி பூத்துடுச்சா?" என்று கேட்பதாக அவர் எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். ஓட்டினால் கேட்கலாம், ஆனால் போய்ச் சேரமாட்டோம். கொடுத்தால் போய்ச் சேரலாம். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கொடுத்தார்.

கார் மேடையிலிருந்து இறங்கியது. முதல் பள்ளம். நாலு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். சத்தம் இல்லை. வேகத்தடை. இல்லை. மேட்டுச் சாலையின் வளைவுகளில் மனைவி ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி, வேன் ஓட்டிய கையால் கியரைத் தட்டித் தட்டி ஏற்றினார். பின் சீட்டில் மாமியாருக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த தராசு, தான் தட்டிய தகடுகளுக்குள் தானே ஒரு சரக்கு மாதிரிப் போய்க்கொண்டிருந்தார்.

"ரெண்டாவதுக்கு மாத்து... இங்க கொஞ்சம் ஓரமா..."

"மூட்ட பேசாதுன்னுல்ல நெனச்சேன்" என்றார் மாமியார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

சகலை வாசலுக்கு ஓடி வந்தார். காரைச் சுற்றி வந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "சக்கரம் பிரமாதமா நிக்குதே!" என்று உண்மையாகவே வியந்து, மனைவியைப் பார்த்துக் கேட்டார். "அண்ணி, நீங்களே கட்டினதா?"

தராசு பின் கதவைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தார். அதை உள்ளேயிருந்து திறக்க அவர் கைப்பிடி வைத்திருக்கவில்லை.

பேச்சு என்றால் பேச்சு. யாரும் தள்ளவில்லை, கயிறு கட்டவில்லை, கார் போய்ச் சேர்ந்தது. ஷெட் காலத்துக்கும் தராசுவுடையது ஆயிற்று. மனைவி அதற்குப் பிறகு ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை காலை, பழைய இரும்புக்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். செவ்வாயும் போனார். கம்பெனி வேனைவிட இது சந்துகளில் நன்றாகத் திரும்புகிறது என்றார். ஷெட் முழுக்க முழுக்க அவர் கணவருக்கு இருந்தது. அதில் கார்தான் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் தராசு சக்கரக் கடை வழியாகப் போனபோது, கடைக்காரரே கூப்பிட்டார். கதை அவர் காதுக்கும் வந்திருந்தது. யாரோ ஒரு லாரி டிரைவர் நடித்தே காட்டியிருந்தார்.

"போனது போகட்டும் சார். உங்களுக்காகச் செய்றேன். அந்த செட்ட குடுத்துட்டு நாப்பது எடுத்துக்குங்க. அஞ்சு மில்லி உள்ள போயிடும். நீங்களே உக்காந்து ஓட்டலாம்."

தராசுவின் முகம் மலர்ந்தது. வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினார். மனைவி வாசலில் காருக்குள் பார்சல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, சக்கரத்த மாத்திடலாம். கடைக்காரர் ஒத்துக்கிட்டார்."

"ஏன், இதுக்கென்ன?"

"உரசுதுல்ல?"

"யாருக்கு?"

"எனக்கு."

"ஓட்டுறது யாரு?"

தராசு பார்சல்களைப் பார்த்தார். கண்ணாலேயே எடை போட்டார். எல்லாம் சரியான இடத்தில், சரியான கனத்தில், இரண்டு பக்கமும் சமமாக அடுக்கியிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மனைவி கதவைச் சாத்தி, வண்டியைக் கிளப்பி, தெருமுனை வளைவில் சத்தமே இல்லாமல் திரும்பிப் போனார்.

தராசு கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"வேணாம்ப்பா. முப்பத்தஞ்சே இருக்கட்டும்."

"ஏன் சார்?"

"ஓனர் ஒத்துக்கல."